சக்கரம் பெருத்த லாரி

கண்ணாடிச் சரக்கு ஏற்றும் அந்த லாரிக்காரருக்கு 'நிதானம்' என்று பெயர். ஊரார் வைத்த பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அவரே தமக்குச் சூட்டிக்கொண்டு, பிறர் வாயில் படியும்வரை சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்த பட்டம் அது. லாரிகளுக்கு அறுபதுதான் வேகம் என்று சட்டம் சொன்னால், அவர் லாரியின் வேக மீட்டர் முள்ளும் அறுபதில் நிற்கும். பாலத்தில் எவனாவது அவரை முந்திப் போனால், அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவனுக்காக அரைமணி நேரம் அனுதாபம் தெரிவிப்பார். கேட்டுக்கொண்டிருக்க அவருடைய மனைவி இருந்தாள். அவள் தையற்காரி, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு கேட்பது அவளுக்குப் பழக்கம். பதில் சொல்ல வேண்டிய தொல்லை இல்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு குறை இருந்தது. எதிர்வீட்டு மணல் லாரி அவருடைய லாரியைவிட ஒரு சாண் உயரம். தினமும் காலையில் அதன் கதவைக் கீழிருந்து பார்ப்பது ஒரு நிதானமான மனிதர் தாங்கக்கூடியதா? தேய்ந்த டயர்களை மாற்றும் நேரம் வந்தபோது, கடைக்காரர் தடுத்தும் கேளாமல், இரண்டு அளவு பெரிய டயர்களைப் போட்டுக்கொண்டு வந்தார். லாரி உயர்ந்தது. அவர் அதில் ஏறும் விதமே மாறியது. பட்டாபிஷேகத்துக்குப் போகிறவர் போல் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

முள் மட்டும் பழையபடி அறுபதில் நின்றது. அரசனுக்குப் பிடித்ததை மட்டும் சொல்லிப் பிழைக்கும் மந்திரிகளை நாம் அறிவோம். அந்த முள் அப்படிப்பட்ட மந்திரியாயிற்று. அரசர் மகிழ்ந்தார்.

முதல் நோட்டீஸ் வந்தது: அதிவேகம், அறுபத்தேழு. கேமராவுக்குக் கண் சரியில்லை என்றார். இரண்டாவதும் வந்தது. கேமரா வைத்தவனுக்கே கண் சரியில்லை என்றார். அதன் அடியில் அச்சிட்டிருந்ததை அவர் படிக்கவில்லை, தையற்காரி படித்தாள். மூன்றாவது நோட்டீஸ் வந்தால் லைசென்ஸ் ஆறு மாதம் முடக்கம். லாரி வாசலில் நின்றால் கண்ணாடிக் கம்பெனி மறுநாளே வேறு வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அவளுடைய ஒரு தையல் மெஷினை நம்பி மூன்று வயிறு. மூன்றாவது வயிறு அவளுடைய தம்பி. வேலை தேடும் வேலையில் ஓய்வில்லாமல் இருந்தான்.

"என்னங்க, டயர் மாத்தின பிறகுதானே இப்படி வருது?" என்று ஒருநாள் குண்டூசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"டயர் அப்பவும் உருண்டை, இப்பவும் உருண்டை. அதுக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம்?"

"இடுப்பு பெருத்த ஆளுக்குப் பழைய அளவுலயே தச்சா சட்டை சேருமா?"

"நான் லாரி ஓட்டறேன். லாரிக்குச் சட்டை தைக்கல."

தம்பி தன் நண்பனின் காரை வாங்கிக்கொண்டு லாரியின் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்தான். லாரி அறுபது காட்டியபோது கார் அறுபத்தேழு காட்டியது. "மாமா, கார்ல கரெக்டா தெரியுது" என்றான்.

"கடன் வாங்கின காரு மாப்ளே. அது உண்மை பேசுமா?" என்றார் நிதானம்.

சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லும் லாரிக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று தம்பி எடுத்துக்காட்டியபோது, கல் நட்டவர்கள் கூலிக்கு வேலை செய்தவர்கள், அவசரத்தில் நெருக்கி நட்டிருப்பார்கள் என்று முடித்துவிட்டார். உலகம் முழுவதும் தவறு செய்துகொண்டிருக்க, ஒரு முள்ளும் அவரும் மட்டும் நேர்மையாக இருந்தார்கள்.

தையற்காரி அதற்குமேல் வாதாடவில்லை. பிடிவாதக்காரரைத் திருத்துவதைவிட மீட்டரைத் திருத்துவது எளிது என்று கண்டுகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டுப் படுத்து, குறட்டை சுதி சேர்ந்ததும், "வண்டியைக் கழுவிட்டு வரோம்" என்று காற்றிடம் சொல்லிவிட்டுத் தம்பியை ஓட்டச் சொன்னாள். மறுநாளுக்கான கண்ணாடிகள் லாரியில் ஏற்றப்பட்டிருந்தன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அது உதவவில்லை.

மீட்டர் கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்தார். "சரக்கோடயா கொண்டாந்தீங்க? நல்லது. பாரம் இருந்தா டயர் அமுங்கும். வெறும் வண்டியில அளந்தா தப்பா வரும்." காற்றை அளந்து சரிசெய்தார். பின் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. "மெதுவா நகத்து. கோடு ஒரு சுத்து சுத்தித் திரும்பத் தரைக்கு வரணும். நிறுத்து." அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே அவர் அளவு நாடாவைப் பிடித்ததும், தையற்காரி தன்னையறியாமல் மறுமுனையைப் பற்றிக்கொண்டாள். நாடா பிடிப்பதில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"மீட்டருக்குச் சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும்தாம்மா தெரியும். ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம்னு நாமதான் சொல்லித் தரணும். இது இன்னும் பழைய டயரையே நினைச்சுக்கிட்டிருக்கு." புதிய அளவைக் கம்ப்யூட்டர் வழியே மீட்டருக்குள் ஏற்றினார். சாலையில் ஓட்டிச் சரிபார்த்தார். கழுவாமலே வண்டி வீடு திரும்பியது. நிதானம் விழித்ததும், "நல்லா பளபளன்னு இருக்கு" என்று பாராட்டினார்.

இனித் தொல்லை இல்லை என்று அவள் நிம்மதியாக இருந்தாள். லாரி மட்டும் தினமும் தாமதமாக வரத் தொடங்கியது. "டிராஃபிக்" என்றார். பத்து நாளில் மூன்றாவது நோட்டீஸ் வந்தது.

அதைப் படித்த தையற்காரி மறுபடியும் படித்தாள். விரைவுச் சாலையில் குறைந்தபட்ச வேகமான ஐம்பதுக்கும் கீழே, நாற்பத்தெட்டில், பின்னால் வரிசைகட்டி வந்த வாகனங்களின் ஹாரனையும் பொருட்படுத்தாமல் ஊர்ந்து சென்ற குற்றம்.

மூவரும் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி இளைஞர், களைத்த முகம். லைசென்ஸை வாங்கிக்கொண்டு, மூன்று நோட்டீஸையும் மேசையில் பரப்பினார்.

"ரெண்டு தடவை பறந்திருக்கீங்க. இப்ப தவழ்ந்திருக்கீங்க. மீட்டர் கெட்டிருக்கா?"

"என் மீட்டர் கெடாது சார்."

அதிகாரி எழுந்து வந்து லாரியில் ஏறினார். ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். வேகம் அளக்கும் தம் கைக்கருவியையும் முள்ளையும் மாறிமாறிப் பார்த்தார். வாசலுக்குத் திரும்பி லாரி நின்றதும் சொன்னார்: "மீட்டர் சரியாத்தான் இருக்கு. தெரிஞ்சேதான் ஊர்ந்து போயிருக்கீங்க. அப்ப லைசென்ஸை வெச்சிட்டுப் போங்க."

நிதானம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே மனைவியும் மைத்துனனும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். லைசென்ஸா, கௌரவமா என்பதை அவர் நிறுத்துப் பார்ப்பதைத் தையற்காரி கண்டாள். தராசு வெகுநேரம் ஆடியது.

"அது... டயர் மாத்தினதிலேருந்து மீட்டர் குறைச்சுக் காட்டுது சார்" என்றார் கடைசியில். "முதல் நோட்டீஸ்லயே சந்தேகம், கிலோமீட்டர் கல்லைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. அதான், அறுபதைத் தாண்டிடக் கூடாதுன்னு, முள்ளு நாப்பத்தெட்டு காட்டினா ஐம்பத்திநாலு இருக்கும்னு கணக்குப் போட்டு ஓட்டறேன். பத்து நாளா."

"இப்ப சரியா காட்டுதே."

"அதான் எனக்கும் புரியல."

தையற்காரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சார், பத்து நாளைக்கு முன்னாடி நான்தான் இவருக்குத் தெரியாம மீட்டரைச் சரி பண்ணிவெச்சேன். சொன்னா கோவிச்சுக்குவாருன்னு."

அதிகாரி அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஒரே வீட்டுலதானே இருக்கீங்க ரெண்டு பேரும்?"

தம்பி, "ஒரே ரூம்தான் சார்" என்றான்.

மூன்றாவது நோட்டீஸை அதிகாரி ரத்து செய்தார். முதல் இரண்டும் அப்படியே நிற்கும் என்றார்; குற்றவாளி தம் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு வேறென்ன செய்ய முடியும்? லைசென்ஸ் கைக்குத் திரும்பியது. நிதானம் அதைச் சட்டைப்பையில் வைத்து, மேலே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் முள் அறுபதில் நின்றது. லாரியும் அறுபதில்தான் ஓடியது. பாலம் தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"இதைக் கவனிச்சுக்க மாப்ளே. பெரிய டயர் போட்டா அன்னிக்கே மீட்டரைச் சரிபண்ணிடணும். நிறையப் பேருக்கு இது தெரியறதில்ல."

"சரிங்க மாமா."

"அதுவும் சரக்கோட வெச்சு அளக்கணும். பாரத்துக்கு டயர் அமுங்கும், பாரு."

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். ரத்து உத்தரவுக்காக அலுவலக வாசலில் காத்திருந்தபோது அவள்தான் அதைக் கணவரிடம் சொல்லியிருந்தாள். அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயில் இல்லாத குண்டூசியைப் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டாள்.