பஜ்ஜிக் கடைக்குப் போன குரல்

பாலக்கோடு தக்காளித் திருவிழாவில், மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, ராக் பாடகர் மாதவராஜின் குரல் அவரை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்கி மிளகாய் பஜ்ஜிக் கடைக்குப் போனது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் ஜாஸ்மின். மாரண்டஹள்ளியிலிருந்து மாலைநேர ஆங்கில வகுப்புக்கு வரும் அவள் எதையும் மணி போட்டு டைரியில் எழுதுபவள்; எழுதியதன் பக்கத்தில் பென்சிலால் 'சரியா?' என்று சேர்ப்பவள். ஒரு காலத்தில் பெங்களூரையே ஆட்டிவைத்த மாதவராஜின் 'பாதி ஜன்னல்' பாட்டை அவர் வாயாலேயே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று ஒன்பது வருடமாகக் காத்திருந்தாள். வகுப்பில் இருந்த பதினோரு பேரையும் கெஞ்சி இழுத்து வந்ததும் அவள்தான்.

முதல் பாட்டில் மாதவராஜுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவதில் வரிகளை மறந்து, "பாலக்கோடு, எப்பிடி இருக்கீங்க?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவதில் வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. பாட்டோ கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, மைக் இல்லாமல், இருபது வருடத்துக்கு முந்தைய கனத்தோடு கேட்டது. குரல் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நிற்கும் இடம் மட்டும் காதுக்குத் தெரிந்தது. "எண்ணெ தெறிக்குதுங்க, செத்த ஓரமா நின்னு பாடுங்க" என்றாள் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த சென்னம்மாள். குரல் ஓரமாக நின்று பாடியது. ஜனங்கள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். சிறிது நேரத்தில் டிரம்ஸ்காரரும் போனார். வகுப்புத் தோழி சகாயமேரி ஜாஸ்மினின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "அடியே, பாட்டு அங்க நடக்குது. நீ இந்தாளு வாயப் பாத்துக்கினு நிக்கற?"

ஜாஸ்மின் யோசித்தாள். இத்தனை வருடம் தனக்குப் பிடித்தது குரலா, ஆளா? குரலோடு போவது துரோகமா, ஆளோடு நிற்பது அசட்டுத்தனமா? தரையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக் காரணங்களையும் டைரியில் வரிசையாக எழுதி முடித்து நிமிர்ந்தபோது மேடைக்கு முன்னால் அவளும் மாதவராஜும் மட்டுமே இருந்தார்கள். அவர் மேடையை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரிடம் சொல்வதற்கென்று ஆங்கிலத்தில் மூன்று விதமான வாக்கியங்கள் தயாராக வைத்திருந்த ஜாஸ்மின், "நல்லா இருந்துச்சுங்க சார்" என்றாள்.

"எதும்மா?" என்றார் அவர், வெறும் மூச்சுக்காற்றில்.

அவள் டைரியைப் புரட்டத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து பஜ்ஜிக் கடையில் 'பாதி ஜன்னல்' தொடங்கியது. எதிர்க்காற்று. லாரி ஹாரனும் சேர்ந்துகொள்ள, ஒரு வரி விட்டு ஒரு வரிதான் வந்தது. விட்டுப்போன வரிகளை மாதவராஜ் குனிந்து அவள் காதில் கிசுகிசுத்தார். ஓரிடத்தில் தப்பாகச் சொன்னார்.

"அது 'மூடாத'ங்க சார். நீங்க 'மூடிய'ன்னு சொல்றீங்க."

"அப்பிடியா? நல்லா இருக்கே" என்றார், வேறு யாரோ எழுதிய பாட்டைக் கேட்பவர் போல. பிறகு அந்த வரியை மறுபடியும் சரியாகச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய்ப் புகை என்றாள்.

குரல் அவரிடம் திரும்பவில்லை. மறுநாள் விடிந்ததும் தக்காளி மண்டியில் விலை கூறிக்கொண்டிருந்தது. வியாபாரிகள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு விழா நோட்டீசில் இரண்டு நிகழ்ச்சிகள் அச்சாகியிருந்தன: குரல், பஜ்ஜிக் கடை அருகில்; மாதவராஜ், மேடையில். இரண்டும் ஒரே நேரம். ஜாஸ்மின் யோசிக்காமல் மேடைப் பக்கம் போனாள். அங்கே அவளோடு சேர்த்து நான்கு பேர் இருந்தார்கள். முந்தைய ஆண்டோடு பார்த்தால் நல்ல கூட்டம்தான்.