கடைசி பெஞ்சில் ஒரு கை

வருடக் கடைசியில் எங்கள் பள்ளியில் ஒரு கூத்து உண்டு. ஆசிரியர்கள் தங்கள் முதல் வருட வகுப்பின் வீடியோவையும் இந்த வருட வீடியோவையும் பார்த்துவிட்டு, எவ்வளவு கற்றுக்கொண்டோம் என்று தாங்களே எழுதித் தர வேண்டும். கணக்கு டீச்சரான எனக்கு இந்த முறை துறைத் தலைவி பதவி ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. அதனால் சிரத்தையாகவே உட்கார்ந்தேன்.

முதல் வீடியோவில் நான் ஒரு பரிதாபம். சாக்பீஸைக் கீழே போடுகிறேன். எவனோ கேள்வி கேட்கிறான். "தெரியலையேப்பா, நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று அசடு வழிகிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

பதினாலு வருடம் கழித்து எடுத்ததில் வகுப்பு கப்சிப். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்ட வேகத்தில் போர்டு பக்கம் திரும்பிவிடுகிறேன். அடடா, என்ன மிடுக்கு!

அப்போதுதான் கடைசி பெஞ்சில் ஒரு கை தெரிந்தது. நான் ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்த பெண். கை கடுத்திருக்கும் போல, மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். பதினோரு நிமிடம். பிறகு கையை இறக்கி நோட்டை மூடிவிட்டாள். வீடியோவை நிறுத்தினேன்.

'சந்தேகம் கேட்பதே இல்லை. இதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கட்டும்' என்று போன வாரம்தான் அவளைப் பற்றி எழுதியிருந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த வரியை அடித்தால் மறுதேர்வு எழுதித் தப்பிப்பாள். ஆனால் ஏன் அடித்தாய் என்பார்கள். வீடியோ வெளியே வரும், பதவி அம்போ.

மறுநாள் தலைமையாசிரியை அறைக்கு அவளும் அவள் அம்மாவும் வந்தார்கள்.

"டீச்சர், கொஞ்சம் மனசு வைங்க. இவ தங்கச்சி அடுத்த வருஷம் இதே கிளாஸுக்கு வர்றா. அவகூட உக்காந்து படின்னா இவ செத்தே போயிடுவா." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "ஒரு நாளாவது கையத் தூக்கிக் கேட்டிருக்கியாடி, சனியனே?"

பெண் என்னையே பார்த்தாள். தலைமையாசிரியையும் என்னைத்தான் பார்த்தார்.

"கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேனேம்மா" என்றேன்.

அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். நான் பேனாவைத் திறந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் திறந்தேன்.

"நீ ஏதாவது சொல்லணுமா?" என்று அவளிடம் கேட்டேன். கேட்ட வேகத்தில் தாள் பக்கம் திரும்பிக் கையெழுத்துப் போட்டேன்.