கறுப்பு பட்டன்

எங்கள் தையல் கடையில் கத்தரி என் கொழுந்தனிடம், வாய் என்னிடம். அவருக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மீதியை நான் முடித்து வைப்பேன். "நூ..." என்றால் நூல், "ஊ..." என்றால் ஊசி. வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? சரியோ தப்போ, மனுஷன் தலையாட்டிவிடுவார்.

கடைகடையாகப் பட்டன் விற்கும் பெண் வாராவாரம் வருவாள். அன்று வந்ததும், "அக்கா, அடுத்த வாரத்திலேர்ந்து எனக்கு வேற ஊர் லைன். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றாள்.

துணியில் ஓடிக்கொண்டிருந்த கத்தரி பாதியில் நின்றது. கொழுந்தன் எழுந்து வந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. அவள் வரும் நாளில் மட்டும்தான் இந்த இஸ்திரி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளிடம் ஏதோ சொல்லப் பார்க்கிறார். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

"க... க..."

"கறுப்பு பட்டன்தானே?" என்றேன், வழக்கம்போல்.

அவர் தலையாட்டவில்லை.

"இருங்கக்கா, அவரே சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அவள்.

எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. கத்தரியா? கணக்கா? கம்பெனி பேரா? அளவு கொடுக்க வந்தவரைக் கையாலேயே உட்காரச் சொன்னேன். கொழுந்தனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சை விட்டு மறுபடி ஆரம்பித்தார். அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"க... கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அடப்பாவி மனுஷா!

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாராவாரம் இதைத்தான் சொல்ல வந்தீங்களா?"

தலையாட்டினார்.

"அதானே பார்த்தேன்! இந்தக் கடையில மட்டும் அப்படி எத்தனை கறுப்புச் சட்டைதான் தைக்கிறாங்கன்னு!"

என் முதுகுக்குப் பின்னால் மூன்று டிராயர் நிறையக் கறுப்பு பட்டன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கிளம்பத் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் யோசிச்சுக்கிறேன்" என்றாள். பிறகு, "ச..." என்று இழுத்தாள்.

என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேசையில் கிடந்த குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு நின்றேன்.