கண்ணில்லாத தலைக்கவசம்

ஆசெனின் தலையைச் சுற்றிச் சமையலறைப் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக்கொண்டிருந்தாள் அவன் அக்கா கலினா. மூக்குக்கு மட்டும் வழி விட்டிருந்தாள். தாளுக்கு மேல் அகலமான டேப் ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"அக்கா, மூச்சு முட்டுது."

"மூச்சு விடத்தானே மூக்க விட்டிருக்கேன்? வாய மூடு. பேசினா தாடை ஆடும், அளவு தப்பிடும்."

"நான் செத்துட்டா?"

"ரொம்ப நல்லது. ஆடாம இருப்ப."

ரூசே நகரத்தில், தன்யூப் ஆற்றைப் பார்த்த கலினாவின் எட்டாவது மாடி வீட்டில், அக்காளும் தம்பியும் நோக்தாரைச் செய்ய ஆரம்பித்தது இப்படித்தான். நோக்தார் யார் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். டிவியில் வரும் விண்வெளித் தொடரில் கிரகம் கிரகமாகக் கொளுத்திக்கொண்டு போகும் படுபாவி அவன். முகமே கிடையாது. நெற்றியிலிருந்து மோவாய் வரை மொழுக்கென்று ஒரே கவசம். இடது புருவத்தின் மேல் ஒரு வெடிப்பு. மோவாயருகே கத்தியால் கீறியதுபோல் ஒரு திறப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ரசிகர்கள் கதாபாத்திரங்களாக மாறி வரும் வேட விழாவில் நல்லவன் வேடம் போட்டு வந்தவனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? நோக்தார் வந்தால் கூட்டம் தானாக விலகி வழி விடும்.

ஆசெனுக்கு உயரம் இருந்தது, தோள் இருந்தது, நடந்தால் தரை அதிரும் நடை இருந்தது. கைவேலை மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. கலினாவுக்கோ எல்லாமே கையில்தான். விடியலில் ரொட்டிக்கடையில் மாவு பிசைவாள். மத்தியானம் வந்து, அடுப்பில் இருக்கும் பீன்ஸ் சூப்பை நின்றபடியே குடித்துவிட்டு, ஃபோம் தகட்டோடு உட்கார்ந்துவிடுவாள். தலையில் சுற்றிய டேப் கூட்டை வெட்டிப் பிரித்து, அதையே அச்சாக வைத்துத் தகட்டைத் துண்டு துண்டாக அறுத்தாள். துண்டுகளின் இரண்டு விளிம்பிலும் பசை தடவிக் காயவைத்தாள். விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் ஒன்றோடொன்று அழுத்த வேண்டும். ஒரு நாள் ஆசென் உதவுகிறேன் பேர்வழி என்று ஈரப் பசையோடு அழுத்திவைக்க, காலையில் உச்சந்தலை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"எதுலதான்டா உனக்கு அவசரம் இல்ல? பசைக்குக்கூட உன்மேல நம்பிக்கை வரல பாரு."

வெடிப்பை அவள் செய்த விதத்தைப் பார்த்து ஆசென் அசந்துபோனான். கறுப்பின் மேல் மரப்பசையைப் பூசி, அது பாதி காய்ந்ததும் வெள்ளியைத் தடவி, முடி உலர்த்தும் மெஷினைக் காட்டினாள். பெயின்ட் தானாகச் சுருங்கி நரம்பு நரம்பாக விரிந்தது. துருவுக்கு ரொட்டிக்கடையிலிருந்து இலவங்கப்பட்டைத் தூள் கொண்டுவந்து பழுப்பு பெயின்ட்டில் குழைத்தாள். கவசத்தை மாட்டினால் மோவாய்த் திறப்பு வழியாக ஆசெனுக்குக் காலில் போட்ட ஷூ மட்டும் தெரியும். மூக்கு நிறைய பன் வாசம் அடிக்கும்.

"உலகத்தக் கொளுத்துறவன் பன் மாதிரி மணக்கிறானே அக்கா!"

"மணக்கட்டும். யார் மோந்து பார்க்கப் போறாங்க?"

அவள் இத்தனை பாடுபட்டது நோக்தாருக்காக இல்லை. தலைநகர் சோஃபியாவில் பெரிய நாடக அரங்கு ஒன்றில் மேடைப் பொருள்கள் செய்யும் பட்டறை இருக்கிறது. அதில் சேர வேண்டும் என்பதுதான் கலினாவின் ஆசை. எழுதிக் கேட்டபோதெல்லாம், எங்கே படித்தீர்கள் என்று பதில் வந்ததே தவிர, என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இந்த வருஷம் விழாவில் வேடங்களைச் சோதிக்கும் நடுவர், அந்தப் பட்டறையின் தலைவி இஸ்க்ரா தோபலோவா.

"அந்தம்மா இதக் கையில எடுத்துப் பார்க்கணும்டா. 'யார் செஞ்சது'ன்னு கேப்பாங்க. 'அக்கா செஞ்சது'ன்னு நீ சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"இதெல்லாம் சொல்லணுமாக்கும்? ஊரையே கூட்டிச் சொல்றேன்" என்றான் ஆசென். அப்போது மனசாரத்தான் சொன்னான்.

போட்டியில் இரண்டு பிரிவு உண்டு. செய்தவரும் அணிந்தவரும் சேர்ந்து மேடையேறுவது ஒன்று. தனி ஆளாக வருவது இன்னொன்று. அதில் அணிகிறவனே செய்திருக்க வேண்டும், அடுத்தவர் கை பட்டால் நீக்கிவிடுவார்கள். தனி ஆளாக ஜெயிப்பவன்தான் நாட்டின் சார்பில் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவான். பெயர் பதியும் வேலை ஆசெனிடம் இருந்தது. தனிப் பிரிவில், தன் பெயரை மட்டும் பதிந்துவிட்டான். அடப்பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா! கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டு அக்காளை அந்த அம்மாவிடம் நேரே கூட்டிப்போய் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சமாதானம் சொல்வதில் அவனுக்கு நிகர் அவன்தான்.

சோஃபியாவில், விழா வாசலில் வரிசையில் நின்றபோது விஷயம் உடைந்தது. விழாக்காரப் பெண் ஆசெனின் மார்பில் போட்டியாளர் அட்டையைக் குத்தினாள். கலினாவின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினாள். அதில் பெயரே இல்லை. 'வழிகாட்டி' என்று மட்டும் இருந்தது. கண் தெரியாத கவசம் போட்டவர்களைக் கையைப் பிடித்து நடத்திப்போகிற ஆளுக்குக் கொடுக்கும் அட்டை அது.

கலினா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆசென், என்னடா இது?"

"அக்கா, கோவப்படாத. தனியா போனாத்தான் வெளிநாட்டுக்கு…"

"அப்ப அந்தம்மா கேட்டா?"

அவன் கவசத்தை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டான். இன்றைக்கும் அவன் மனசை அறுப்பது இதுதான். அக்காளின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்காகவே மாட்டிக்கொண்டான்.

அவள் கையைப் பிடித்தாள். "இடது பக்கம் வா. படி இருக்கு. காலத் தூக்கு." குரலில் ஒன்றும் தெரியவில்லை.

நடுவர் அறையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஜோடி பழைய தோல் செருப்பு. அது அவனை மெல்லச் சுற்றிவந்தது. ஒரு விரல் கவசத்தின் மேல் ஊர்ந்தது. அப்புறம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"இலவங்கப்பட்டை!" என்று சிரித்தாள் தோபலோவா. "துருவுக்கா? பிரமாதம். இந்த வெடிப்பு எப்படி? பசை மேல பெயின்ட்டா? யாரு தம்பி செஞ்சது?"

அந்த அம்மா கேட்டுவிட்டாள். அக்கா சொன்ன அதே கேள்வி. சொன்னால் இந்த இடத்திலேயே கதை முடிந்தது. பரிசும் கிடையாது, பயணமும் கிடையாது.

"நான்தான் மேடம்."

"எந்தப் பசை?"

அவனுக்குப் பசையின் பெயர்கூடத் தெரியவில்லை. திருதிருவென்று விழித்தான், நல்லவேளை, விழித்ததை யாரும் பார்க்க முடியாது. பக்கத்திலிருந்து கலினாவின் குரல் வந்தது.

"மரப்பசை மேடம். சரியாக் காயறதுக்குள்ளயே வெள்ளி பூசிட்டான். வீடெல்லாம் நாறடிச்சான்."

"நீங்களும் செய்வீங்களா?"

"அய்யோ, நானா? நான் இவனோட அக்கா. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். எனக்குக் கத்தரிக்கோல்கூட நேரா புடிக்க வராது."

ஆசென் முதல் பரிசு வாங்கினான். கூட்டம் கத்தியது. தோபலோவா மேடையிலேயே அவன் தோளைத் தட்டி, "என் பட்டறையில ஒரு இடம் காலியா இருக்கு, வந்து பாரு" என்றாள். ரயிலில் வரும்போது கலினா ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கினாள், அல்லது தூங்குவதுபோல் இருந்தாள். அவன் அவளை எழுப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனான். சாப்பாட்டு மேஜையில் அவள் செய்த பொருள்களின் படங்கள் பரப்பிக் கிடந்தன. பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுதிப் போட எடுத்துவைத்திருக்கிறாள். தலைக்கவசத்தின் படம் மட்டும் குப்புறக் கிடந்தது.

"இதுதானேக்கா உன்னோட வேலையிலயே பெஸ்ட். இத ஏன் ஒதுக்கி வச்சிருக்க?"

"இத எப்படிடா அனுப்புறது? உன்னோடதுன்னு நானே அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேனே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆசென் போனை எடுத்தான். "நான் இப்பவே போன் போட்டு உண்மையச் சொல்றேன்" என்று எழுந்தான்.

"வேணாம்டா. பரிசு போயிடும்."

"போகட்டும் கழுத."

மாடிப்படியில் நின்று பேசினான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"பரிச விழாக்காரங்க திரும்ப வாங்கிப்பாங்க. அது பெரிய விஷயம் இல்ல" என்றாள் தோபலோவா. "அந்த இடம் உனக்கு இல்லன்னு இப்ப ஆயிடுச்சு. உன் அக்காவுக்குன்னு கேக்கறியா?"

"அவளோட கைவேலைய நீங்களே பார்த்தீங்க மேடம்."

"பார்த்தேன். இன்னும் கண்ணுல நிக்குது. ஆனா அவளையும்தான் நேராக் கேட்டேன், தம்பி. கண்ணு இமைக்காம பதில் சொன்னா. என் பட்டறையில கம்பி கட்டி நடிகர்கள மேடைக்கு மேல தொங்க விடுறோம். 'இத யார் கட்டினது, தாங்குமா'ன்னு கேட்டா எனக்கு நெசம் வரணும்."

"அவ எனக்காகச் சொன்னா மேடம்! நான் மாட்டிக்கக் கூடாதுன்னு சொன்னா!"

"தெரியுது. தனக்காகப் பொய் சொல்றவங்கள நான் கண்டுபுடிச்சிடுவேன். அடுத்தவங்களக் காப்பாத்தறதுக்காகச் சொல்றவங்களக் கண்டாத்தான் எனக்குப் பயம்."

அவன் மேலே போனபோது கலினா இரண்டு தட்டில் சாப்பாடு எடுத்துவைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த அம்மா போனை எடுக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ச்சீ, இன்னுமா! கேட்டதை அப்படியே சொன்னான், கடைசி வாக்கியம் உட்பட.

கலினா நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள், தட்டைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தான். எறிந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அவங்க சொன்னது சரிதானே" என்றாள். "நான் பொய்தான் சொன்னேன். யோசிக்கவே இல்லடா. நீ தடுமாறின, வாயில வந்துடுச்சு. சின்ன வயசுலேர்ந்து உன்ன அப்படியே பழக்கிட்டேன்."

"அக்கா, என்ன மன்னிச்சுடு."

"அன்னிக்கே நீ உண்மையச் சொல்லியிருந்தா பரிசு போயிருக்கும். போனா என்ன? நான் அந்தப் பட்டறைக்குப் போயிருப்பேனேடா."

அவள் ஒரு தட்டை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆசென் நின்றுகொண்டே இருந்தான். உட்கார் என்று அவள் சொல்லவில்லை.