கழுவிப்போன கொழுப்பு

என் அக்கா பொய் சொல்ல மாட்டாள். அதை நிரூபிக்கத்தான், அவள் அழுதுகொண்டே வெளியேறிய அதே ஆய்வகத்தில் நான் போய்ச் சேர்ந்தேன்.

நாங்கள் ஆராய்வது செல்லுக்குள் புகுந்து குடித்தனம் நடத்தும் ஓர் ஒட்டுண்ணி. பிறை வடிவம். உள்ளே ஒரு பை கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே பெருகும். பெருகும்போது ஒவ்வொரு குட்டிக்கும் புதுத் தோல் வேண்டும். தோலுக்குக் கொழுப்பு வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் சண்டை. செல் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்புத் துளிகளிலிருந்து உறிஞ்சுகிறது என்றாள் அக்கா. உயிரோடு இருந்த செல்லில், ஒட்டுண்ணியைச் சுற்றித் துளிகள் பாசிமணிபோல் நிற்பதைக் கண்ணால் பார்த்திருந்தாள். ஆனால் அதே செல்லை நிறுத்திச் சாயம் போட்டு ஸ்லைடாக்கினால் ஒன்றையும் காணோம்.

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கறார்'. ஒட்டுண்ணி தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்கிறது என்று எழுதிப் பேர் வாங்கியவர். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அக்காவிடம் கேட்டாராம்: "கண்ணால பார்த்தேன்னு யாரு வேணா சொல்லலாம். ஸ்லைடு எங்கம்மா?" அன்றிலிருந்து அவள் 'கதை விடுறவ'. இப்போது மருந்துக் கடையில் பில் போடுகிறாள். ஆய்வகப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

நான் சேர்ந்த அன்று கறார் கேட்டார், "அக்காவோட பிடிவாதம் உனக்கும் உண்டா?"

"அதுக்கு மேலயே உண்டு சார்."

மனுஷன் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பச்சையாக ஒளிரும் கொழுப்பை முதலில் செல்லுக்கு ஊட்டினேன். மிச்சத்தைக் கழுவிவிட்டு, அப்புறம் ஒட்டுண்ணியை விட்டேன். ஒட்டுண்ணிக்குள் பச்சை தெரிந்தால் அது செல்லிடம் எடுத்ததுதான், வேறு வழியே இல்லை. உயிருள்ள செல்லில் தெரிந்தது! ஸ்லைடாக்கினேன். ஒரே இருட்டு. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்து, "கொழுப்பு செல்லுல இல்ல தாயே, உனக்குத்தான்" என்றான். அவனை முறைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் இருட்டு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டு," என்றார் கறார். "இல்லேன்னா இத மூடிட்டு வேற வேலையப் பாரு." மூடினால் அக்கா காலத்துக்கும் பொய்க்காரிதான். விடுவேனா?

கண்முன்னால் இருந்தது எங்கேயோ காணாமல் போகிறதென்றால், எங்கே என்று பார்த்துவிட வேண்டியதுதான். எங்கள் முறைப்படி ஃபார்மலினில் செல்லை அப்படியே நிறுத்திவிட்டு உடனே டிடர்ஜென்ட் ஊற்றுவோம். செல்லின் தோலில் ஓட்டை விழும். அதன் வழியாகத்தான் ஒட்டுண்ணியைச் சிவப்பாகக் காட்டும் சாயம் உள்ளே போகும். இந்த முறையை வகுத்தவரே கறார்தான். நடுவில் நிறுத்தி எட்டிப் பார்க்க அவரும் சொன்னதில்லை, யாரும் பார்த்ததுமில்லை. நான் பார்த்தேன். ஃபார்மலினுக்குப் பிறகு பச்சை இருந்தது. டிடர்ஜென்ட் ஊற்றியதும் போயே போச்சு.

அடப்பாவிகளா! எண்ணெய்ச் சட்டியை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, சட்டியில் எண்ணெயே இருந்ததில்லை என்று இத்தனை வருஷமாகச் சாதித்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, ஃபார்மலினோடு நிறுத்திய தட்டு, டிடர்ஜென்ட் ஊற்றிய தட்டு இரண்டையும் கறார் முன்னால் வைத்தேன். பார்த்தார். கையுறையை மாட்டிக்கொண்டு, புதுத் தட்டுகளை எடுத்துத் தானே முதலிலிருந்து செய்தார். பச்சை அதே டிடர்ஜென்டில்தான் போனது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வராந்தாவுக்கு ஓடிப் போய் அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, நீ பார்த்தது இருந்துச்சுக்கா. நாமதான் கழுவி விட்டிருக்கோம்."

கடையில் யாரோ மாத்திரை கேட்கும் குரல் மட்டும் கேட்டது. போனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாளோ என்று பயந்துபோனேன்.

"எந்த ஸ்டெப்புல?" என்றாள்.

"டிடர்ஜென்ட்ல. இரு, படம் அனுப்புறேன்."

"படம்லாம் வேணாம்டி. நான் நேர்ல பார்க்கணும்."

கடையில் மாட்டும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மைக்ராஸ்கோப்பின் உயரத்தைத் தனக்கு ஏற்றபடி மாற்றி, கண்ணை வைத்தாள். கை தானாகக் குமிழைத் தேடிப் போனது. ஒரு விரல் மேசைமேல் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை.

பின்னால் கறார் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அம்மா... அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் உன்னை..."

அக்கா கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள். "துளிய எண்ணிக்கிட்டு இருக்கேன்."