தொடாத செடியில் பச்சை வெளிச்சம்

தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வீட்டு வரிசையில், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது, அடுப்புப் பற்றுவதற்கு முன்பே பெற்றீசியாவுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையின் அரைச்சுவரில் வரிசையாக நின்ற தேயிலைத் தொட்டிகள் எதற்கென்று தெரியவில்லை. மலை முழுக்கத் தேயிலை கிடக்க, அதைத் தொட்டியிலும் வைத்து யாராவது வளர்ப்பார்களா? தீப்பெட்டி கேட்கும் சாக்கில் உள்ளே போனாள். அவள் வீட்டில் இரண்டு தீப்பெட்டி இருந்தது வேறு விஷயம்.

தொட்டிகள் அந்த வீட்டுக் காளியாயியின் மகள் லோஜினியுடையவை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து முடித்தும் படிப்பு முடியாமல், ஆராய்ச்சி என்று தொடர்ந்துகொண்டிருப்பவள். கேட்டதற்கு அவள் மறைக்காமல் சொன்னாள். ஓர் இலையைக் கிள்ளினால் அதன் கலங்கள், கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரணுக்கள், சும்மா இருப்பதில்லையாம். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த ஐதரசன் பெரொக்சைட்டைத் துளித்துளியாக உண்டாக்கிப் பக்கத்துக் கலத்துக்குச் சேதி சொல்லுமாம். அது அடுத்ததற்குச் சொல்லும். லோஜினி செய்திருக்கும் சாயம் கலத்துக்குள் புகுந்து இருட்டாகக் கிடக்கும். சேதி வந்து பட்டால் மட்டும் நீல வெளிச்சத்தின் கீழ் பச்சையாக ஒளிரும். இலை செடியில் உயிரோடு இருக்கும்போதே அத்தனையையும் பார்க்கலாம்.

"அப்ப நம்ம லயம் மாதிரித்தான்னு சொல்லு புள்ள. கடைசி வீட்டுல தட்டு விழுந்தா மொத வீட்டுக்குத் தெரிஞ்சிரும்."

"நீங்க இருக்கிற பக்கந்தான் அத்த, வெளிச்சம் கொஞ்சம் சாஸ்தி."

பெற்றீசியா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

தொட்டிகளைப் பேராதனைக்கே கொண்டுபோயிருக்கலாம். ஒருமுறை லோஜினி கொண்டும் போனாள். ராகலை பஸ் போட்ட ஆட்டத்தில் யாரும் தொடாத இலைகள்கூடக் கல்யாண வீடுபோல் ஒளிர்ந்தன. அதனால்தான் கைபேசியில் மாட்டும் சின்ன நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு செடியிருக்கும் இடத்துக்கே வந்துவிட்டாள்.

கணக்கு எளிதானது. ஊசியால் குத்திய செடி ஒளிர வேண்டும். சிவப்பு நூல் கட்டிய செடிகளை ஒருவரும் தொடக்கூடாது. அவை இருட்டாகவே இருக்க வேண்டும். தொடாததும் ஒளிர்ந்தால் சாயம் பொய் சொல்கிறது என்று அர்த்தம். திங்கட்கிழமை பேராசிரியைக்குக் காட்ட வேண்டும். பொய் சொல்லும் சாயத்தை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வருட வேலையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சிவப்பு நூல் செடிகள் ஒளிர்ந்தன. ஒரு காலையும் தவறாமல் ஒளிர்ந்தன.

லோஜினி சாப்பாட்டைக் குறைத்தாள். பெற்றீசியா துப்பறியத் தொடங்கினாள். முதலில் அதே லயத்துச் செல்லசாமியின் ஆட்டின் மேல் பழி போட்டாள். செல்லசாமி நேரில் வந்து, தன் ஆடு வந்திருந்தால் தொட்டியாவது மிஞ்சியிருக்குமா என்று நியாயம் கேட்டுவிட்டுப் போனார். அடுத்து பனி. அதற்கும் அடுத்து கண்ணூறு. யாருடைய கண் என்பதையும் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த எல்லாரிடமும் பெயரோடு சொல்லி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, சாயம் தோற்றுவிட்டதென்று லோஜினி பேராசிரியைக்கு எழுதப்போகிறாள் என்ற சேதி எட்டியது. பெற்றீசியா நல்ல சேலையைக்கூட மாற்றாமல் ஆறுதல் சொல்லப் போனாள். லோஜினி இஸ்தோப்பில் சிவப்பு நூல் செடியின் இலையொன்றில் நுண்ணோக்கியை மாட்டிவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அரைச்சுவருக்கு வெளியே, பாதையில் நின்றபடியே பெற்றீசியா கண்ணூறின் வகைகளை விளக்கத் தொடங்கினாள்.

பின்னால் தண்ணீர்க் குடத்தோடு வந்த காளியாயியின் மூக்கில் ஒரு கொழுந்து வந்து விழுந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும், பிசகில்லாமல். அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

"பெற்றீசியாக்கா, என்னா பண்றீங்க?"

"என்னா பண்றேன்? பேசிக்கிட்டிருக்கேன்."

சொல்லும்போதே அவள் வலது கை அதே செடியில் சுவருக்கு வெளியே நீண்டிருந்த பக்கக் கொழுந்தை ஒடித்துத் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசியது. மலையில் கொழுந்தெடுக்கும்போது கூடை இருக்கும் இடத்துக்கு. இப்போது முதுகில் கூடை இல்லை என்பதைக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

பாதையோரக் கான் வாய்க்காலை மூவரும் எட்டிப் பார்த்தார்கள். வாடிய கொழுந்துகள் கிடந்தன. அவள் பீலிக்குத் தண்ணீருக்குப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. லோஜினி பார்த்ததெல்லாம் உள்பக்கத்து உச்சி இலையை, ஒடிந்து போனதெல்லாம் வெளிப்பக்கத்தில்.

நாளைக்குப் பீலிக்கரையில் தான்தான் பேச்சு என்பது பெற்றீசியாவுக்கு விளங்கிவிட்டது. ஆனால் லோஜினி திட்டவில்லை. நுண்ணோக்கியின் மேல் கவிழ்ந்துவிட்டாள். காம்புப் பக்கத்திலிருந்து நரம்போடு நரம்பாக ஒரு பச்சை மெதுவாக ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா, சாயம் பொய் சொல்லல. பெற்றீசியா அத்தய கண்டுபுடிச்சிருக்கு."

மிஞ்சிய சிவப்பு நூல் செடிகளை அன்றே அறைக்குள் தூக்கி வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மறுநாள் காலை அவற்றில் பார்த்தால் கும்மிருட்டு. லோஜினி வாழ்க்கையில் இருட்டைக் கண்டு அப்படிச் சிரித்ததில்லை.

பேராசிரியை பேராதனையில் இருந்தபடியே வீடியோ அழைப்பில் படங்களைப் பார்த்தார். ஊசிக் குத்தைவிடக் கொழுந்து ஒடித்ததில் சேதி ஓடுவது தெளிவாகத் தெரிகிறது, அதை இப்போதே கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பெற்றீசியா, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் மடக்கப்பட்டாள். தலைமுடியைத் தடவிக்கொண்டு, கைபேசிக்குள்ளிருந்த பேராசிரியைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செடிமுன் நின்றாள்.

கை ஓடவில்லை. விரல் கொழுந்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. இதுவா அதுவா என்று யோசித்தாள். ஆயுசு முழுக்கக் கொழுந்தெடுத்தவள், எங்கே ஒடிப்பதென்று காளியாயியிடம் கேட்டாள். பேராசிரியை இருமினார்.

லோஜினி சற்று யோசித்தாள். பிறகு நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அத்த, மேல் லயத்துத் தனுஷிகாவ நுவரெலியாவுல யாரோடயோ பாத்ததா சொல்றாங்களே, நெசமா?"

"யாரோடயோவா? ஒனக்கு விசயமே தெரியாதா புள்ள? அது யாருன்னா…"

பெற்றீசியா ஒரு காலை முன்னால் வைத்து வாகாக நின்றுகொண்டாள். கொழுந்து ஒன்று தோளுக்கு மேலே பறந்தது. அடுத்தது. இலைக்குள் பச்சை ஏறத் தொடங்கியது. பேராசிரியை மூச்சுவிடாமல் பார்த்தார். லோஜினி பார்த்தாள். காளியாயிகூடத் தலையை நீட்டினாள். பெற்றீசியா மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கதை அப்போதுதான் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தது.