பச்சை உரல்

பிரம்மநாயகி கூடத்து உரலைச் சாய்த்து, அதில் வளர்ந்திருந்த குரோட்டன் செடியை வேரோடு பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள்.

"ஏட்டி, அதைத் தொடாதே! துரை மாலை போட வாராராம், கலெக்டர் கச்சேரியிலேருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போறான். கூடம் அண்ணாச்சி வச்சபடி இருக்கட்டும்," என்றார் சித்தப்பா ஐயம்பெருமாள் பிள்ளை.

"வாய்க்கரிசிக்கு நெல்லு குத்தணும் சித்தப்பா. சாவு வீட்டுக்கு எவ உரல் தருவா?"

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் தலைக்கு மேலே சுவரில் வார்னிஷ் பூசிய கலப்பை மினுங்கியது. பக்கத்தில் நுகத்தடி, உலக்கை, இறைகூடை. துரையிடம் தலைமை எழுத்தராக இருந்த அப்பா, சிரஸ்தார் பாபநாசம் பிள்ளை, வயலில் கால் வைத்தவரில்லை. துரையின் பங்களாவில் வண்டிச்சக்கரம் மேசையாகி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த வாரமே, குத்தகைக்காரனின் கலப்பை இங்கே சுவரேறியது. அவன் அந்தப் போகத்துக்கு இரவல் கலப்பைக்கு அலைந்தான். "நாட்டுப்புறத்து அழகு" என்று வந்தவர்களிடமெல்லாம் அப்பா கலப்பையைத் தடவிக் காட்டுவார்.

உரல் அம்மா வடிவம்மாள் சீராகக் கொண்டுவந்தது. அப்பா அதற்குப் பச்சை வண்ணம் அடித்துச் செடி வைத்தார். பத்து வருஷமாக வடிவம்மாள் அடுத்த வீட்டு உரலில் முறைக்குக் காத்து நின்று குத்தினாள்.

பிரம்மநாயகி உரலைக் கழுவி, நெல்லைக் கொட்டி, சுவரிலிருந்த உலக்கையை எடுத்துக் குத்தினாள். பிசுபிசுத்த வார்னிஷ் உள்ளங்கையில் ஒட்டியது. நாலு குத்து விழுவதற்குள் நெல் அடியில் கசிந்து தரையில் பரவியது. தண்ணீர் வடிவதற்காக அப்பா கல்தச்சனை வைத்துத் துளை போட்டிருந்தார்.

"உரலுக்கு ஓட்டை போட்ட மனுசனை இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. சில முந்தானைகள் வாய்க்குப் போயின.

காலையிலிருந்து அழாமல் உட்கார்ந்திருந்த வடிவம்மாள் எழுந்தாள். ஆணியில் தொங்கிய சரிகைத் தலைப்பாகையை எடுத்து, நுனியைக் கிழித்து, சுருட்டித் துளையில் அடைத்தாள்.

"மதினி! அது துரை குடுத்ததுல்லா!" என்றார் சித்தப்பா.

"அதான் கெட்டியா இருக்கு," என்றாள் அவள். "நீ குத்துட்டி."

துரை வரவில்லை. சேவகன் ஒருவன் மாலையை வைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் போய்விட்டான். ஐயம்பெருமாள் பிள்ளை சுவரிலிருந்த கலப்பையைச் சும்மா ஒருமுறை நேராக்கினார்.

அரிசியில் பச்சை வண்ணச் சில்லுகள் கிடந்தன. பிரம்மநாயகி பொறுக்கக் குனிந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெடக்கட்டும்."

பாடை எழுந்தபோது அப்பாவின் கீழுதட்டில் பச்சைச் சில்லு ஒன்று ஒட்டியிருந்தது. யாரும் துடைக்கவில்லை.